தொடுகை வில்லையும் மூக்குக்கண்ணாடியும்

காட்சி என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று, மனத்தின் பயிற்சியுமாகும். இவ்வுண்மையைப் பத்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்துரைத்தவர் அரபு விஞ்ஞானி இப்னுல் ஹைதம் (965 - சுமார் 1040). ஒளி பொருளிலிருந்து கண்ணை வந்தடைகின்றது என நிறுவிய அப்பேரறிஞர், கண் பெற்றதை முன்னைய அனுபவத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் ஆற்றலும் காட்சிக்கு இன்றியமையாதது என்றார். பல்லாண்டு தொடுகை வில்லை அணிந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மாறும்போது எய்தும் இடர்ப்பாட்டை விளக்குவதற்கு அக்கருத்தே திறவுகோலாகும்.

மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 1286ஆம் ஆண்டளவிலே தோன்றியது. விசயநகரத்து வியாசராயர் அதனைத் துணைக்கொண்டு ஏடு வாசித்தமையைச் சோமநாத கவியின் நூல் குறிப்பதாக ஆராய்ச்சியாளர் பி. கே. கோடே எடுத்துக்காட்டினார். தஞ்சையை அடுத்த வல்லத்திலே பளிங்குக் கல்லைத் தீட்டி மூக்குக்கண்ணாடி செய்யும் கைத்தொழிலும் ஒருகாலத்திற் பெயர்பெற்று விளங்கிற்று.

வில்லையைக் கண்ணின்மீதே பொருத்தும் முயற்சி மிகப் பிந்தியது. 1888இல் அடொல்வ் பிக் என்னும் மருத்துவர் கண்ணாடியாலான தொடுகை வில்லையை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டிலே தமது கடுங் குறும்பார்வையைத் திருத்த அவ்வகை வில்லையை அணிந்த ஓகஸ்ற் முல்லர், அரைமணி நேரத்துக்குமேல் அதனைத் தாங்க இயலாதவரானார். 1948இல் கெவின் ரூகி கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்ரிக் வில்லையை அமைத்தார். 1961இல் செக் நாட்டு விஞ்ஞானி ஒற்றோ விக்ரர்லே, தம் மக்களின் விளையாட்டுப் பொறித் துண்டுகளாற் கருவி செய்து மென்வில்லையை வார்த்தெடுத்தார்.

பழைய வன்வில்லையூடாக உயிர்வாயு புகாது. அதனாற் கருவிழி வீங்கி வடிவம் திரிந்தது. வில்லையைக் கழற்றிக் கண்ணாடி அணிந்தவருக்கு யாவும் மங்கித் தோன்றின. எனவே, புதிய கண்ணாடிக்குக் கண்ணை அளக்குமுன் மென்வில்லையைச் சில நாட்களும் வன்வில்லையைச் சில வாரங்களும் விலக்கிவைத்தல் மருத்துவ மரபாயிற்று. இம்மரபைப் புறக்கணித்துப் பெற்ற கண்ணாடி, எத்துணைப் பழகினும் பொருந்தாது போகலாம்.

அளவு சரியாயிருப்பினும் வேறுபாடு நீங்குவதில்லை. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கின்றது. 6 டயொப்டர் குழிவு வில்லை அணிந்தவருக்கு அத்தூரத்தாற் பொருள்கள் ஏறத்தாழ 7 வீதம் சிறுத்துத் தோன்றும். தொடுகை வில்லையில் இக்குறைவு மிகச் சொற்பமே. மேலும், தொடுகை வில்லை விழியோடு திரும்பும். கண்ணாடியோ அசையாது நிற்கும். விழி ஓரத்தை நோக்கும்போது வில்லையின் நடுவை விட்டு விலகுவதால், கண்ணாடி அரியமாகித் தோற்றத்தை இடம்பெயர்க்கின்றது. தலை அசைவுக்கு ஈடாக விழியைத் திருப்பும் அனிச்சைச் செயலும் பழைய கணக்கிலேயே இயங்குவதால் நிலம் மிதப்பதுபோன்ற மயக்கம் உண்டாகும்.

இக்கணக்கை மூளை திருத்திக்கொள்ள வல்லது. 1897இல் வெளியான ஆய்விலே ஜோர்ஜ் ஸ்ராற்றன் உலகைத் தலைகீழாய்க் காட்டும் வில்லையை எட்டு நாள் அணிந்து, அதற்கேற்ப நடமாடக் கற்றார். அதனைக் கழற்றியபோது இயல்பான காட்சியே அவருக்கு ஆடி அசைந்தது. பிழை பழைய வில்லையிலும் இல்லை, புதிய வில்லையிலும் இல்லை. இடையில் நிற்கும் பழக்கத்திலேயே உள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

சவளக்கடைபோன்ற நெல்வயல் ஊர்களிலே சூடடிப்புத் தூசியும் வெள்ள நீரும் தொடுகை வில்லைக்குப் பகையாவன. நீரிலுள்ள நுண்ணுயிர் வில்லையின்கீழ்ப் புகுந்து பார்வையையே அழித்தலுங் கூடும். அவ்வூரவர் ஒருவர் கண்ணாடிக்கு மாறுதல் அறிவுடைமையே. எனினும் முதல் நாளில் வயல் வரம்பு கால் எட்டாத் தொலைவிற்போலத் தோன்றும். கிட்டங்கித் தாம்போதியிலே துவிச்சக்கரவண்டி செலுத்துதலும் ஆபத்தாகும். பெரும்பாலார்க்குச் சில நாட்களில், சிலர்க்கு ஓரிரு வாரங்களில், இத்தடுமாற்றம் நீங்கும். நாற்பதைக் கடந்த குறும்பார்வையாளருக்கோ கண்ணாடியூடாக வாசித்தல் முன்னையிலும் எளிதாதலும் உண்டு. குறித்த காலத்தின் பின்னும் நீங்காவிடில் மருத்துவரை மீண்டும் நாடவேண்டும். இரண்டாம் நாளே கண்ணாடியைப் பெட்டியில் இட்டு மூடுதல், எழுநூறு ஆண்டு முயற்சி தந்த பயனைப் பொறுமையின்மையால் இழப்பதேயாகும்.