இரும்பு மோதிரமும் விழுந்த பாலமும்



அண்மையில் நண்பர் ஒருவரின் மகள் பொறியியல் படிப்பை முடித்த மகிழ்ச்சியில் வீட்டில் ஒரு சிறு விருந்து வைத்தார்கள். பிள்ளையின் சின்னவிரலில் மங்கலான ஒரு மோதிரம் இருந்தது. அதை அவளுடைய அம்மம்மா கண்டுவிட்டார். "என்ன பிள்ளை இது, இரும்பு மோதிரம்? சனி தோசத்துக்குப் போட்டதோ? நாலு வருசம் படிச்சதுக்கு அரைப் பவுணிலயாவது ஒண்டு தரமாட்டினமோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். "இது இஞ்ச எஞ்சினியர்மார் போடுறது அம்மம்மா" என்றாள் பிள்ளை. அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. உடனே தகப்பன் என் பக்கம் திரும்பி, "நீங்கள் றேடியோவில கதைக்கிற ஆள்தானே, சொல்லுங்கோவன்" என்றார். எனக்கும் அன்றைக்குச் சரியான பதில் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்து, நமது வானொலியில் பேசினேன். அந்தப் பேச்சின் எழுத்து வடிவமே இது.

நான் வணிகம் படித்த கணக்காளன். பாலம் கட்டத் தெரியாது. ஆனால் இந்தக் கதையில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அது எனக்கு நன்றாக விளங்கியது.

கியூபெக் நகரத்துக்கு மேற்கே, சென் லோறன்ஸ் ஆறு ஒடுங்கும் ஓர் இடத்தில் ரயில் பாலம் ஒன்று கட்டத் திட்டமிட்டார்கள். இரண்டு கரைகளிலிருந்தும் இரண்டு கைகளை நீட்டி, நடுவில் ஒரு துண்டை வைத்து இணைப்பது போன்ற அமைப்பு. கட்டுவித்தது கியூபெக் பாலக் கம்பனி. உருக்கு வேலையை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பீனிக்ஸ் பாலக் கம்பனி எடுத்தது. ஆலோசகப் பொறியியலாளர் நியூயோர்க்கில் இருந்த தியடோர் கூப்பர். அவர் சாதாரண ஆள் அல்ல. சென் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் கட்டப்பட்ட புகழ்பெற்ற பாலத்தில் வேலை செய்தவர். ரயில் பாலங்களின் பாரத்தைக் கணக்கிட அவர் 1894இல் வகுத்த முறை இன்றும் வட அமெரிக்காவில் அவருடைய பெயராலேயே வழங்குகிறது.

முதலில் தூணுக்கும் தூணுக்கும் இடையே 1,600 அடி என்றுதான் இருந்தது. ஆழமான நீரையும் பனிக்கட்டிகளின் மோதலையும் தவிர்க்கத் தூண்களைக் கரைப்பக்கம் நகர்த்தலாம் என்று கூப்பர் சொன்னார். 1900ஆம் ஆண்டில் இடைவெளி 1,800 அடியாக மாறியது. ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் பாலத்தின் 1,710 அடியையும் இது தாண்டியது. உலகிலேயே நீளமான இடைவெளி கொண்ட பாலம் என்ற பெருமையும் கூடவே வந்து சேர்ந்தது.

பாலம் தன் சொந்தப் பாரத்தையும் சுமக்க வேண்டும் அல்லவா? நீளம் கூடினால் அந்தப் பாரமும் கூடும். அதைத் திரும்பக் கணக்கிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. கியூபெக் பாலக் கம்பனியிடம் காசு இல்லாததால் விவரமான வரைபட வேலைகள் வருடக்கணக்கில் இழுபட்டன. 1903இல் கனடிய அரசு கடன் பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுத்ததும் எல்லாம் ஒரே அவசரமாகிவிட்டது. பீனிக்ஸ் கம்பனியின் வடிவமைப்புப் பொறியியலாளர் பீற்றர் ஸ்லப்கா பழைய பார மதிப்பையே வைத்து வேலை செய்தார். கூப்பரும் அதை ஏற்றுக்கொண்டார்.

கணக்குப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். போன வருடத்து ஆரம்ப மீதியைச் சரிபாராமல் இந்த வருடப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அதற்கு மேல் வரும் ஒவ்வொரு கூட்டலையும் மிகக் கவனமாகச் செய்வது போன்றது. கூட்டல் எல்லாம் சரி, விடை மட்டும் பிழை.

1906இல்தான் உண்மை தெரிந்தது. சுமார் 6 கோடி 20 இலட்சம் இறாத்தல் என்று எண்ணியிருந்த பாரம், உண்மையில் 7 கோடி 30 இலட்சம் இறாத்தலாக இருந்தது. அதற்குள் பெரும்பகுதி உருக்கு தயாராகிவிட்டது, பாலமும் ஆற்றின் மேல் வளரத் தொடங்கிவிட்டது. கூடிய பாரத்தைப் பாலம் தாங்கும் என்று கூப்பர் முடிவு செய்தார். வேலை தொடர்ந்தது.

அவருக்கு மேல் சரிபார்க்க ஒருவரும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கலாம். உருக்கில் அவர் அனுமதித்த அழுத்தம் மிக அதிகம் என்று அரசாங்க ரயில்வே திணைக்களப் பொறியியலாளர் ஒருவர் எழுதினார். வெளியாள் ஒருவரை வைத்து மறுபடி பரிசோதிக்கலாம் என்று திணைக்களம் 1903இல் யோசித்தது. அது தன்னைக் கீழ்ப்படுத்துவதாகும் என்று கூப்பர் எதிர்த்தார். அவருடைய பெயருக்கு இருந்த மரியாதையில் விடயம் அப்படியே அடங்கிப் போயிற்று. அவரோ உடல்நலம் குன்றியவர். 1903க்குப் பிறகு பாலம் கட்டும் இடத்துக்கு ஒரு முறையும் போகவில்லை. நியூயோர்க்கில் இருந்தபடியே கடிதத்திலும் தந்தியிலும் உலகின் மிகப் பெரிய பாலத்தை நடத்தினார்.

1907 ஓகஸ்ட் மாதம். பாலத்தின் அடிப்பக்கமாக ஓடும் பெரிய உருக்குச் சட்டங்களில் சில வளையத் தொடங்கின. ஓர் அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து இரண்டு முனைகளையும் அழுத்திப் பாருங்கள், நடுவில் வளையும். அதே விதமான அழுத்தம்தான் அங்கே இருந்தது. கூப்பரின் சார்பில் அங்கே நின்ற இளம் பொறியியலாளர் நோர்மன் மக்லூர் அளந்து அளந்து எழுதினார். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று பீனிக்ஸ் கம்பனி பதில் சொன்னது. ஓகஸ்ட் 27 அன்று, ஒரு வாரத்துக்கு முன் முக்கால் அங்குலமாக இருந்த ஒரு வளைவு இரண்டேகால் அங்குலமாகியிருந்தது. வளைவு நாளுக்கு நாள் கூடுகிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் வேலை நிற்கவில்லை. பாலக் கம்பனியின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹோர், இவ்வளவு பெரிய பாலம் கட்டிய அனுபவம் இல்லாதவர். நிறுத்தினால் எல்லோருடைய மனமும் தளர்ந்துவிடும், வேலையாட்கள் போய்விடுவார்கள், அந்தப் பருவமே வீணாகிவிடும் என்று அவர் யோசித்தார். மக்லூரை நேரே நியூயோர்க்குக்கு அனுப்பினார்.

ஓகஸ்ட் 29 வியாழக்கிழமை காலை மக்லூர் கூப்பரைச் சந்தித்தார். விடயத்தின் பாரதூரம் கூப்பருக்கு உடனே விளங்கியது. விவரங்களை ஆராயும்வரை பாலத்தில் மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று நண்பகலளவில் தந்தி அடித்தார். ஆனால் அதைப் பாலத்துக்கு அடிக்கவில்லை, பீனிக்ஸ் கம்பனிக்கு அடித்தார். பாலத்தில் வேலை ஏற்கெனவே நின்றிருக்கும் என்று நினைத்திருந்தார். மக்லூர் அங்கிருந்து பீனிக்ஸ் கம்பனிக்குப் போனார். பின்னேரம் அங்கே கூடிப் பேசியவர்கள், காலையில் பார்த்து முடிவு செய்வோம் என்று கலைந்தார்கள்.

அன்று மாலை 5.37 அளவில், வேலை முடியும் நேரத்தில், பாலத்தின் தென்பகுதி விழுந்தது. சுமார் 19,000 தொன் உருக்கு. 15 செக்கனில் எல்லாம் முடிந்துவிட்டது. பாலத்தில் நின்ற 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் உயிரோடு சிக்கிய சிலர், இரவில் ஆற்றின் நீர்மட்டம் ஏற, மீட்க முடியாமல் அங்கேயே மூழ்கிப் போனார்கள்.

இறந்தவர்களில் 33 பேர் மொன்றியலுக்கு அருகே உள்ள கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி மக்கள். 1886இல் தங்கள் நிலத்தை ஒட்டிக் கட்டப்பட்ட ரயில் பாலத்தில் உயரத்து வேலை பழகியவர்கள் அந்த ஊரார். ஒரே ஊரில் ஒரே நாளில் 33 இழவு. அது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இனிமேல் ஆண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வேலைக்குப் போகக் கூடாது என்று அந்த ஊர்ப் பெண்கள் வற்புறுத்தினார்கள். இறந்தவர்களின் கல்லறைகளில் உருக்குச் சட்டங்களால் ஆன சிலுவைகளை நாட்டினார்கள்.

அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழு 1908இல் அறிக்கை கொடுத்தது. பாலத்தின் அடிச்சட்டங்களின் வடிவமைப்பே பலவீனமானது என்றும், அதற்குக் காரணம் கூப்பரும் ஸ்லப்காவும் செய்த தீர்ப்புப் பிழைகள் என்றும் சொன்னது. பாரத்தைக் குறைவாகக் கணித்துப் பிறகு திருத்தாமல் விட்டதும் பாரிய பிழை, சட்டங்கள் சரியாக இருந்திருந்தாலும் அந்தப் பிழை ஒன்றுக்காகவே பாலத்தை நிராகரித்திருக்க வேண்டும் என்றது. ஆனால் இவை அறிவுக் குறைவாலோ, கடமையில் அசட்டையாலோ, காசு மிச்சம் பிடிக்கும் ஆசையாலோ வந்தவை அல்ல என்றும் எழுதியது. இந்த இடத்தில்தான் நான் வாசிப்பதை நிறுத்தி யோசித்தேன். களவு இல்லை, இலஞ்சம் இல்லை. படித்த, மரியாதைக்குரிய மனிதர்கள். பொறுப்பில் இருந்தவர்கள் சரியாக முடிவெடுத்திருந்தால் அந்த உயிர்களையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றும் அறிக்கை சொன்னது.

பாலத்தைப் புதிதாக, மிகக் கனமாகக் கட்டினார்கள். 1916 செப்ரெம்பர் 11 அன்று நடுத்துண்டை உயர்த்தும்போது அது ஆற்றில் விழுந்து மேலும் 13 பேர் இறந்தார்கள். 1917இல் ஒருவாறு முடிந்தது, 1919 ஓகஸ்டில் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். அதே மாதத்தில்தான் கூப்பரும் காலமானார். அந்தப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. அந்த வகைப் பாலங்களில் உலகிலேயே நீளமான இடைவெளி இன்றும் அதற்குத்தான்.

இனி மோதிரத்துக்கு வருவோம். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்ரெயின் 1922இல் மொன்றியலில் நடந்த பொறியியலாளர் கூட்டம் ஒன்றில் ஒரு யோசனை சொன்னார். வைத்தியர்களுக்கு ஒரு சத்தியப் பிரமாணம் இருப்பது போல, படித்து வெளியேறும் பொறியியலாளர்களுக்கும் ஓர் உறுதிமொழி வேண்டும் என்றார். அதை எழுதித் தரும்படி எழுத்தாளர் றட்யார்ட் கிப்ளிங்குக்குக் கடிதம் போட்டார். பம்பாயில் பிறந்து ஏகாதிபத்தியத்தின் புகழ் பாடியவர் என்று நம்மில் பலருக்கு அவர்மேல் குறை உண்டு. என்றாலும் இந்த உறுதிமொழிச் சடங்கை எழுதியவர் அவர்தான். 1925 ஏப்ரல் 25 அன்று மொன்றியலில் முதலாவது சடங்கு நடந்தது. வேலை செய்யும் கையின் சின்னவிரலில் போடுவதால், வரைபடத்திலோ கடதாசியிலோ கை வைக்கும்போதெல்லாம் மோதிரம் உரசும். அது ஒரு ஞாபகமூட்டல்.

விழுந்த பாலத்தின் இரும்பில்தான் முதல் மோதிரங்களைச் செய்தார்கள் என்று பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. ரொறன்ரோவில் இராணுவ வைத்தியசாலை ஒன்றில் இருந்த முதலாம் உலகப்போர் வீரர்கள் அடித்துச் செய்தவை அவை. மோதிரம் போட்டதால் தொழில் அனுமதியும் கிடைத்துவிடாது, அதற்குத் தனிச் சட்டமும் தனி அமைப்பும் உண்டு.

எழுதப்பட்ட ஒழுக்க விதிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கட்டடப் பொறியியலாளர் சங்கம் 1914இல் தன் முதலாவது விதிகளை ஏற்றது. அவை பெரும்பாலும் வாடிக்கையாளரோடும் சக பொறியியலாளரோடும் நடந்துகொள்ளும் முறை பற்றியவை. பொதுமக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேலானது என்ற வரி அவர்களின் விதிகளில் முதலிடத்துக்கு வர 1970கள் ஆயிற்று. இன்று ஒன்ராறியோவின் விதிகளும் பொதுநலக் கடமையையே முதன்மையாக வைக்கின்றன. சம்பளம் தரும் முதலாளியும் அதற்குப் பிறகுதான்.

நேயர்களே, இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கடையின் கணக்கை முடிக்கும்போது, கடைக்காரர் எங்கள் ஊர்ப் பெரியவர் என்ற மரியாதையில், சரக்கிருப்பை எண்ணிப் பாராமல் அவர் சொன்ன தொகையை அப்படியே எழுதினேன். தொகை பிழை என்று பிறகு தெரிந்தது. திரும்ப எழுதிச் சரிசெய்தோம், ஒருவரும் சாகவில்லை. அவர் பொய் சொல்லவும் இல்லை, அவரும் பழைய தொகையைத்தான் நம்பியிருந்தார். கேட்க வேண்டியவன் நான். கேட்க எனக்குக் கூச்சம்.

நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இரண்டு வேலை, மூன்று வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தோம். "பெரிய ஆக்களோட எதிர்த்துக் கதையாதை, வேலையைக் காப்பாற்று" என்று சொல்லியே வளர்த்தோம். வந்த புதிதில் அது நமக்குத் தேவையாக இருந்தது. ஆனால் அந்தக் கையில் மோதிரம் ஏறிய பிறகு, அதே புத்திமதி ஆபத்தாகிவிடலாம். மக்லூர் சரியாக அளந்தார், சரியாக எழுதினார், பெரியவரைக் கேட்க நியூயோர்க்குக்கும் போனார். பாலத்தில் நின்று "இறங்குங்கள்" என்று சொல்லும் அதிகாரம் தனக்கு உண்டென்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை.

அந்த அம்மம்மாவிடம் இந்தக் கதையைப் போய்ச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார். "கழட்டாதை பிள்ளை. பிழையெண்டு கண்டால் ஆரெண்டும் பாராமல் சொல்லிப்போடு. வேலை போனால் போகட்டும், வீட்டில சோறு இருக்கு" என்றார்.