கிசால்லோ: ஓர் ஏற்றத்தின் வரலாறு

வட இத்தாலியின் கோமோ ஏரி தலைகீழாகப் பிடித்த கவட்டை போலக் கிடக்கிறது. வடக்கே ஆல்ப்ஸ் மலைக்குள் ஒற்றைக் காம்பு. தெற்கே கோமோ நகரை நோக்கி ஒரு கிளை, லெக்கோ நகரை நோக்கி இன்னொரு கிளை. பனியாறு குடைந்த பள்ளம் என்பதால் ஏரியின் ஆழம் சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டுகிறது. கரைகளும் அதே செங்குத்தில் எழுகின்றன. கிளைகள் பிரியும் முனையில் இருக்கும் ஊர் பெல்லாஜியோ. அங்கிருந்து இரு கிளைகளுக்கும் நடுவே உள்ள மலைநாட்டுக்குள் ஏறும் சாலை மாக்ரேலியோ கிராமத்தருகே, கடல் மட்டத்திலிருந்து 754 மீட்டர் உயரத்தில், கிசால்லோ கணவாயைத் தொடுகிறது.

தூரம் சுமார் 8.6 கி.மீ.தான். ஆல்ப்ஸின் பெரிய கணவாய்களோடு வைத்துப் பார்த்தால் இது குன்று. ஆனால் ஏறும் விதம் பொல்லாதது. ஏரிக்கரையை விட்டதுமே கொண்டை ஊசி வளைவுகளில் சாலை 14 விழுக்காடு வரை நிமிர்கிறது. பாதி கடந்ததும் ஏறக்குறைய சமமாகி, ஏற்றம் முடிந்துவிட்டது என்ற நினைப்பைக் கொடுக்கிறது. முதல் பகுதியில் மூச்சைச் செலவழித்துவிட்டவனுக்குக் கடைசியில் இன்னொரு செங்குத்து காத்திருக்கும். சராசரிச் சரிவு 6 விழுக்காடு என்ற கணக்கு இந்த ஏற்றத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

கணவாயின் உச்சியில் ஒரு சிறிய மாதா கோயில். கிசால்லோ என்ற பிரபு கள்வர்களால் தாக்கப்பட்டபோது வழியோரத்து மாதா படத்தை நோக்கி ஓடித் தப்பினார் என்பது கதை. இப்போதுள்ள கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சைக்கிள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மாதா வழிப்போக்கர்களின் காவல். சைக்கிள்காரர்கள் பின்னாளில் வந்து அந்த வரிசையில் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவே.

சைக்கிள்காரர்களை இங்கே கொண்டுவந்தது லொம்பார்டி சுற்றுப் பந்தயம். 1905 நவம்பரில் துல்லோ மொர்கான்யி என்ற பத்திரிகையாளரின் முயற்சியில் அது தொடங்கியது. இரு பிரபல வீரர்களான அல்பீனிக்கும் குனியோலோவுக்கும் இருந்த பகையை மறுபடியும் சாலையில் தீர்க்கவைத்துப் பத்திரிகை விற்பதே நோக்கம். இருவருமே வெல்லவில்லை. சிவப்புச் சட்டை போட்டு ஓட்டியதால் ‘சிவப்புச் சாத்தான்’ என்று பெயர் வாங்கிய ஜொவான்னி கெர்பி, 230 கி.மீ. பாதையில் மற்றவர்களை 40 நிமிடம் பின்தள்ளி வென்றார். 1907இலும் அவரே முதலில் வந்தார். முறைகேடு செய்தார் என்று சொல்லி நடுவர்கள் அவரைக் கடைசி இடத்துக்கு இறக்கி, பிரான்சின் குஸ்தாவ் காரிகூவை வெற்றியாளராக்கினார்கள். அந்தக் காலப் பந்தயம் மிலானில் தொடங்கி மிலானில் முடிந்தது. பருவத்தின் கடைசிப் பெரிய பந்தயம் என்பதால் உதிர்ந்த இலைகளின் பந்தயம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போர்கூட அதை நிறுத்தவில்லை. இரண்டாம் போரில்தான் 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகள் நின்றது.

1919இல் பாதை கிசால்லோ மீது திரும்பியது. அந்த ஆண்டு வென்றவர் கோஸ்டான்டே ஜிரார்தெங்கோ. கிசால்லோவின் உண்மையான கடுமை விளங்க அன்றைய சைக்கிளைப் பார்க்க வேண்டும். சாலையோ மண்ணும் சரளையும். ஓடும்போது கியர் மாற்றும் வசதி கிடையாது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். சமவெளிக்குச் சிறியது, ஏற்றத்துக்குப் பெரியது. ஏற்றத்தின் அடிவாரத்தில் வீரர் இறங்கி, நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, செயினை மாட்டி இழுத்துப் பிடித்து மறுபடி முடுக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் விரைத்த விரல்களால் இதைச் செய்வது சின்ன வேலையில்லை. எங்கே இறங்குவது என்பதிலேயே பந்தயம் பாதி முடிந்துவிடும்: முன்கூட்டி இறங்கினால் கூட்டம் போய்விடும், தாமதித்தால் பெரிய கியரில் முழங்கால் போய்விடும். தானும் பந்தய வீரராக இருந்த துல்லியோ கம்பான்யோலோ, ஒரு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழலும் அச்சுக்கு 1930இல் காப்புரிமை பெற்றார். இன்று எந்தப் பந்தய சைக்கிள் கடையிலும் கிடைக்கும் அந்தச் சிறு கருவி, இப்படிப்பட்ட அடிவாரங்களின் அவஸ்தையில் பிறந்தது.

ஆல்ஃப்ரெடோ பிண்டா நான்கு முறை இந்தப் பந்தயத்தை வென்றார். கிசால்லோவைத் தன் சொந்தச் சாலை ஆக்கிக்கொண்டவர் என்றால் ஃபவுஸ்டோ கோப்பிதான். 1946 முதல் 1949 வரை தொடர்ந்து நான்கு வெற்றிகள். ஏற்றத்தில் தனியே பிரிந்துபோய், சமவெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒற்றை ஆளாக ஓட்டி, மிலானின் விகொரெல்லி பந்தய அரங்கில் நுழைவது அவர் வழக்கம். 1948இல் அடுத்தவர் வர நாலரை நிமிடத்துக்கு மேலாயிற்று. ஐந்தாவது வெற்றி 1954இல்.

ஆறாவது 1956இல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து போனது. கோப்பி இன்னொருவருடன் முன்னே போய்க்கொண்டிருந்தார். அவருடைய காதலி ஜூலியா ஒக்கீனி சென்ற கார், பின்னால் வந்த ஃபியொரென்ஸோ மான்யியைக் கடந்தது. காரிலிருந்து ஒக்கீனி ஏளனமாகச் சைகை காட்டினார் என்பது மான்யி பலமுறை சொன்ன செய்தி. கொதித்துப்போன மான்யி வெறிகொண்டு துரத்த, பின்னால் இருந்த கூட்டமும் அவரோடு சேர்ந்து கோப்பியைப் பிடித்துவிட்டது. அரங்கில் நடந்த கடைசி ஓட்டத்தில் பிரான்சின் ஆந்த்ரே தாரிகாத் நூலிழையில் கோப்பியை முந்தினார். கோப்பி அழுதுவிட்டார்.

இதற்கிடையே உச்சியில் இருந்த கோயிலுக்கும் புதுப் பொறுப்பு வந்திருந்தது. மாக்ரேலியோவின் பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகானோ எடுத்த முயற்சியின் பலனாக, 1949 அக்டோபர் 13 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் கிசால்லோ மாதாவைச் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். அதன்பின் வீரர்கள் தங்கள் சட்டைகளையும் சைக்கிள்களையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினர். கோப்பி, பார்த்தாலி, பின்னாளில் மெர்க்ஸ் என்று பெயர்கள் நீள, சிறிய கோயிலின் சுவர்களில் இடமில்லாமல் போயிற்று. இறந்த சைக்கிள்காரர்களுக்காக உள்ளே ஓர் அணையா விளக்கு எரிகிறது.

எல்லாக் காணிக்கைகளும் வெற்றிக்கு நன்றியல்ல. சுவரில் உயரே மாட்டியிருக்கும் சைக்கிள்களில் ஒன்று முன்பக்கம் நசுங்கியது. அது ஃபாபியோ காஸார்டெல்லியுடையது. கோமோவில் பிறந்தவர், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் பிரெனீஸ் மலையின் போர்த்தே தாஸ்பே இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு, 24 வயதில் இறந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமானது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 2003இல், இன்னொரு வீரர் இறந்த பிறகுதான்.

1950களின் நடுவிலேயே பந்தய அமைப்பாளர்களுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. சாலைகள் தார் கண்டிருந்தன. ஓடும்போதே கியர் மாற்ற முடிந்தது. கிசால்லோவில் யார் பிரிந்துபோனாலும் சமவெளியில் கூட்டம் பிடித்துவிட்டது. ஏற்றம் அப்படியேதான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த எல்லாமும் இலகுவாகிப்போனது. 1960இல் அமைப்பாளர் வின்சென்ஸோ டொரியானி பக்கத்திலேயே இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார்: சொர்மானோ சுவர். 2 கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த அந்தப் பாதை சராசரியாக 15 விழுக்காட்டுக்கு மேல், உச்சத்தில் 27 விழுக்காடு வரை எழுகிறது. பலர் இறங்கி நடந்தார்கள். பலரை ரசிகர்கள் முதுகில் கைவைத்துத் தள்ளி ஏற்றினார்கள். யார் ஏறினார், யார் தள்ளப்பட்டார் என்று பிரித்துப்பார்க்க முடியாத பந்தயத்துக்கு மதிப்பில்லை. 1962க்குப் பின் சுவர் கைவிடப்பட்டுக் காட்டுக்குள் மறைந்தது. பந்தயத்தின் முடிவிடமும் 1961இல் மிலானை விட்டுக் கோமோவுக்கு மாறியது. அது உண்மையில் நல்ல தீர்வு: மலையை விட்டு இறங்கியதும் முடிவுக்கோடு வந்துவிடுவதால் துரத்துபவர்களுக்குச் சமவெளி கிடைக்கவில்லை.

சுவர் 2006இல் செப்பனிடப்பட்டது. கார்களுக்கு அனுமதியில்லை. தரையிலேயே உயரம் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மீட்டர் ஏறும்போதும் ஓர் எண் சக்கரத்தின் அடியில் வரும். ஏறுபவர் தலை குனிந்திருப்பதால் அதைப் படிக்காமல் தப்ப வழியில்லை. 2012இல் பந்தயம் அங்கே திரும்பியது. மழையில் ஸ்பெயினின் ஹோவாக்கிம் ரோட்ரிகெஸ் வென்றார். ஆனால் அதன்பின் ஆபத்து ஏற்றத்தில் இல்லை, மறுபக்க இறக்கத்தில் இருந்தது. 2017இல் சிலர் தடுப்பைத் தாண்டி விழுந்தனர். 2020 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனபுல் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அடுத்து வந்த பதிப்புகளின் பாதையில் சொர்மானோ சுவர் இல்லை.

கோயிலுக்குள் கொள்ளாத காணிக்கைகளுக்கு அருகிலேயே ஓர் அருங்காட்சியகம் 2006இல் திறக்கப்பட்டது. அதற்காகப் பல ஆண்டுகள் அலைந்து முன்னின்றவர், கோப்பியின் ஆறாவது வெற்றியைப் பறித்த அதே மான்யி. 2012இல் அவர் இறந்தார். கோயில் முற்றத்தில் பிண்டா, பார்த்தாலி, கோப்பி மூவரின் மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. பக்கத்தில் கையை உயர்த்திய ஒரு வீரரும் கீழே விழுந்த ஒரு வீரரும் சேர்ந்த வெண்கலச் சிற்பம்.

2021 முதல் 2025 வரை ஸ்லோவேனியாவின் தாதெய் போகாச்சர் தொடர்ந்து ஐந்து முறை வென்று கோப்பியின் எண்ணிக்கையைத் தொட்டார். அந்த ஆண்டுகளில் வெற்றியைத் தீர்மானித்தவை வேறு ஏற்றங்கள். கிசால்லோ பாதையில் வரும் ஆண்டுகளில் அது கோட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. பெருங்கூட்டமாகவே வீரர்கள் கணவாயைக் கடக்கிறார்கள். அவர்கள் கடந்து முடியும்வரை கோயில் மணி அடிக்கிறது.