மணல் தட்டு (பூனை வளர்ப்பு)

மணல் தட்டு என்பது வீட்டுக்குள் வளரும் பூனை மலசலம் கழிக்க, மணலோ களிமண் குருணையோ நிரப்பி வைக்கும் அகன்ற தட்டு. கடைகளில் ‘லிட்டர் பாக்ஸ்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பூனையை இதற்குப் பழக்குவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. குழி பறித்து, கழித்து, மூடுவது அதன் பிறவிக் குணம். பழகிய பூனை ஒருநாள் தட்டை விட்டுவிட்டுத் துவைக்கக் கிடக்கும் துணியிலும் மெத்தையிலும் போகத் தொடங்குவதுதான் வளர்ப்பவர்களைத் திணறடிப்பது. வேண்டுமென்றே செய்கிறது, பழிவாங்குகிறது என்று அப்போது பூனைமேல் பழி விழுகிறது. பூனைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. உடம்பிலோ, தட்டிலோ, வீட்டிலோ ஏதோ ஒன்று அதற்குத் தாங்க முடியாததாகிவிட்டது. அதைக் கண்டுபிடிப்பது வளர்ப்பவரின் வேலை.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப்பூனை இனம் (ஃபெலிஸ் லிபிக்கா). வறண்ட, மணற்பாங்கான நிலத்தில் வாழ்ந்த அந்த விலங்கின் வழக்கமே இன்றைய பூனையின் பாதங்களிலும் இருக்கிறது. பிறந்த முதல் மூன்று வாரங்களில் குட்டிக்குத் தானாகக் கழிக்க வராது; தாய் அடிவயிற்றை நக்கித் தூண்டிவிட்டு, தானே சுத்தமும் செய்யும். தாயில்லாக் குட்டியை எடுத்து வளர்ப்பவர்கள் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் இந்த வேலையைச் செய்ய வேண்டும். நான்காவது வாரத்தை ஒட்டிக் குட்டி மண்ணைக் கண்டால் கிளறத் தொடங்கும். ஆழமில்லாத ஒரு தட்டைக் காட்ட அதுவே சரியான நேரம். சாப்பிட்ட பின்னும் தூங்கி எழுந்த பின்னும் அதில் கொண்டுபோய் விட்டால் போதும். முன்னங்காலைப் பிடித்து மணலைக் கிளறிக் காட்டுவது தேவையில்லை, குட்டி மிரளும்.

வரலாறு

கொல்லையும் தோட்டமும் இருந்த நம் வீடுகளில் இதையெல்லாம் யாரும் யோசித்ததில்லை. பூனை வெளியே போயிற்று, வந்தது. குளிர்நாடுகளில் பூனையை வீட்டுக்குள் வைத்திருந்தவர்கள் தட்டில் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வைத்தார்கள். 1947 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் காசோபோலிஸ் ஊரில், எட் லோ என்பவரிடம் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். லோவின் குடும்பம் ஈரம் உறிஞ்சும் பொருள்களை விற்றுவந்தது. எண்ணெய் சிந்திய தொழிற்சாலைத் தரையில் தூவும் உலர்ந்த களிமண் குருணையை அவர் எடுத்துக் கொடுத்தார். சாம்பல் போல் அது வீடெங்கும் காலடி பதிக்கவில்லை, சிறுநீர் வாடையையும் அடக்கியது. அந்தப் பெண் மறுபடி வந்து கேட்டதும் லோ அதைப் பையில் அடைத்து, ‘கிட்டி லிட்டர்’ என்று பெயரெழுதி விற்கப் புறப்பட்டார். பூனை முழுநேரமும் வீட்டுக்குள் வாழ இந்தக் குருணை பெரிதும் வழிசெய்தது. ஈரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் களிமண் 1980களில் வந்தது. இந்தியாவில் அந்த மண் குஜராத்தின் கச்சுப் பகுதியில் ஏராளமாகக் கிடைக்கிறது.

தட்டும் மணலும்

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான தட்டுகள் வளர்ந்த பூனைக்குச் சிறியவை. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். 45 செ.மீ. பூனைக்குக் கிட்டத்தட்ட 70 செ.மீ. தட்டு. கட்டிலுக்கடியில் துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக்கொள்வது மலிவான, நல்ல வழி. மூடி போட்ட தட்டு மனிதக் கண்ணுக்கு அழகு. உள்ளே நாற்றம் தேங்கும், இரண்டு பூனை உள்ள வீட்டில் ஒன்று வாசலை மறித்து உட்கார்ந்தால் மற்றது உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

நிரப்பும் பொருளில் பெரும்பாலான பூனைகள் விரும்புவது நைசாக, மணலைப் போல் பாதத்துக்கு மென்மையாக, வாசனை சேர்க்காமல் இருப்பதை. லாவண்டர் மணம் வாங்குபவரின் மூக்குக்காகச் சேர்த்தது. மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழம் போதும். மரத்தூள் குருணை, மரவள்ளி மாவில் செய்த குருணை, சலித்த ஆற்று மணல் எல்லாமே பயன்படும். ஆற்று மணல் கட்டியாகாது, ஆகவே அடிக்கடி முழுவதும் மாற்ற வேண்டும். எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதுக் குட்டிக்குக் கட்டியாகும் களிமண் வேண்டாம். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதானால் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும்.

தட்டின் எண்ணிக்கைக்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட. இரண்டு பூனைக்கு மூன்று, அவையும் வேறு வேறு இடங்களில். பக்கத்துப் பக்கத்தில் வைத்த மூன்று தட்டும் பூனைக்கு ஒரே இடம்தான். சோற்றுத் தட்டுக்கு அருகிலும், திடீரென்று அதிரும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. காற்றில் அறைந்து சாத்திக்கொள்ளும் பால்கனிக் கதவுக்கு அப்பால் தட்டு இருந்தால், ஒருநாள் அது சாத்தியிருக்கும்போது பூனை வேறிடம் கண்டுபிடிக்கும்.

ஒரு பூனைக்குத் தட்டு பிடிக்கிறதா என்பதை அரை நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். பிடித்த பூனை உள்ளே இறங்கி, மோந்து, பறித்து, திரும்பி உட்கார்ந்து, முடித்ததும் மூடிவிட்டு நடந்து போகும். பிடிக்காத பூனை முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, பின்னங்காலை மட்டும் மணலில் வைக்கும். முடிந்ததும் மணலை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் சுவரையும் பக்கத்துத் தரையையும் பிறாண்டும். பாதத்தை உதறிக்கொண்டு பாய்ந்து ஓடும். தட்டைச் சுத்தமாக வைத்திருந்தாலே பெரும்பாலான குறை தீரும். தினமும் ஒரு முறையாவது, முடிந்தால் இரு முறை, கட்டிகளை அள்ளிவிட வேண்டும்.

தட்டை விட்டு விலகும் பூனை

அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவச் சங்கமும் 2014-இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி, இந்தச் சிக்கலில் முதலில் உடல்நோயைத் தேடச் சொல்கிறது. சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரக நோய், நீரிழிவு, மூட்டுவலி எல்லாம் பல சமயம் தட்டுக்கு வெளியேதான் முதலில் தெரியும். கழிக்கும்போது வலித்தால் பூனை வலியைத் தட்டோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, வலிக்காத இடம் தேடிப் போகும்.

உடல்நோய்களில் ஒன்றை மட்டும் ஒரு மணி நேரமும் தள்ளிப்போடக் கூடாது. ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் போய் உட்கார்கிறது, முக்குகிறது, ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வருகிறது அல்லது எதுவுமே வரவில்லை, கத்துகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடலாம். இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நின்றபடி, வாலைத் தூக்கி நடுங்கவைத்து, சுவரிலும் திரைச்சீலையிலும் பீய்ச்சுவது வேறு விஷயம். அது எல்லை குறிப்பது. மணல் தட்டோடு அதற்குத் தொடர்பு குறைவு. ஆண் பூனைக்குக் கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை வந்து உட்காருவதும், வீட்டுக்குப் புதிதாக வந்த குழந்தையும், மாறிய வீடும் இதைத் தூண்டலாம்.

அடிப்பதும், கழித்த இடத்தில் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதும் கொடுமை, பயனும் இல்லை. பூனை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: நீங்கள் இருக்கும்போது கழிப்பது ஆபத்து. அதன்பின் கட்டிலுக்கடியில் ஒளிந்து போகும். பழையபடி திருப்ப, சில நாள் ஒரு சிறிய அறையில் தட்டு, படுக்கை, சோறு, தண்ணீர் எல்லாம் தள்ளித் தள்ளி வைத்து அதை விட்டுவைத்து, தவறாமல் தட்டில் போகத் தொடங்கியதும் வீட்டை மெல்லத் திறந்துவிடலாம். கெடுத்த இடத்தில் சோற்றுக் கிண்ணத்தை வைத்தால் அங்கே பெரும்பாலும் போகாது. பூந்தொட்டியைத் தேடிப் போகும் பூனைக்குத் தொட்டி மண்மேல் பெரிய கூழாங்கற்களைப் பரப்பினால் போதும்.

சுத்தம்

நம் வீடுகளில் கை தானாகப் போவது பினாயில் பாட்டிலுக்கு. பூனை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகிறது. அம்மோனியா கலந்த திரவங்களின் வாடை சிறுநீரை நினைவூட்டி, அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும். பூனைச் சிறுநீரின் வாடை வெறும் தண்ணீரில் கழுவினால் எளிதில் போகாது. அதனால்தான் கழுவிவிட்டோம் என்று நினைத்த மெத்தை மழைக்காலத்தில் மறுபடி நாறுகிறது. என்சைம் கலந்த சுத்திகரிப்பு நீரை நன்றாக ஊறவிட்டு, காயவிட வேண்டும். தட்டுக்கு வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் போதும்.

கர்ப்பிணி உள்ள வீட்டில் பூனையை விரட்டச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா கிருமியின் முட்டைகள் மலத்தில் வெளியேறியபின் தொற்றும் நிலையை அடைய குறைந்தது ஒரு நாளாவது ஆகும். வீட்டில் வேறொருவர் தினமும் தட்டை அள்ளி, கை கழுவினால் போதும். பூனை தெருவுக்குப் போக வேண்டியதில்லை.

பத்து வயது தாண்டிய பூனை தட்டுக்கு அருகில், விளிம்புக்கு வெளியே கழித்தால், அது பழக்கத்தை மறக்கவில்லை. பெரும்பாலும் பின்னங்கால் மூட்டு வலிக்கிறது, விளிம்பைத் தாண்ட முடியவில்லை. ஒரு பக்கச் சுவரை ஐந்து செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வழுக்காமல் இருக்க முன்னால் ஒரு சாக்கை விரித்துவிட்டால், பல கிழப் பூனைகள் நிதானமாக உள்ளே இறங்கிப் பழையபடி பறிக்கத் தொடங்கிவிடும்.