மலாப்ரிகோ: கெட்ட துறையில் எழுகின்ற நெடிய அலை

1972 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாக வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் அமர்ந்திருந்த ஒரு மாலையில், தொலை அச்சுப்பொறி ஒரு சிறு செய்தியைத் துப்பியது. பெரு நாட்டின் கடலில் நெத்தலி மீன் அருகிவிட்டது என்பதே அச்செய்தி. நான் அதனை அரை மணித்தியாலம் செலவிட்டு மொழிபெயர்த்து, இரண்டு பத்திகளாக எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, பெருவின்ரை நெத்தலி எங்கடை வாசகனுக்கு என்னத்துக்கு?" என்றவர், அதனை நான்கு வரிகளாக வெட்டிக் கடைசிப் பக்கத்தில் போட்டார்.

அவர் வெட்டிய பகுதியில்தான் விடயம் இருந்தது. 1970 இல் 12 மில்லியன் தொன்னுக்கும் மேலாகப் பிடிக்கப்பட்ட அந்த மீன், மிதமிஞ்சிய மீன்பிடியாலும் எல் நினோ என்னும் வெந்நீர்ப் பெருக்காலும், 1973 இல் 2 மில்லியன் தொன் அளவுக்கு வீழ்ந்தது. அந்தக் கரையோரத்தின் பெயர் அன்று முதல் என் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆயினும் அதனை நேரில் காண்பதற்கு அரை நூற்றாண்டு கழியவேண்டியிருந்தது. அதுவும் நெத்தலியால் அன்று, அலையால்.

ரொறன்ரோவில் வாழும் என் பெறாமகனுக்கு அலைச்சறுக்கில் ஒரு பித்து. பனி கொட்டும் நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்ததென்று என் தம்பி இன்றும் தலையிலடித்துக் கொள்கிறான். "பெரியப்பா, நீங்கள் அங்கை பழைய கோயில்களைப் பாருங்கோ, நான் அலையைப் பாக்கிறன்" என்று சொல்லி அவன் என்னையும் பெருவுக்குக் கூட்டிச் சென்றான். சென்ற இடம் சிக்காமா. வடபெருவின் ட்ருஹியோ நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், பாலைவனத்தின் விளிம்பில் உள்ள ஒரு சிறு துறைமுக ஊர். அதன் முறையான பெயர் புவேர்த்தோ மலாப்ரிகோ. ஸ்பானிய மொழியில் மலாப்ரிகோ என்றால் 'கெட்ட ஒதுக்கிடம்' என்று பொருள். கப்பல்களுக்கு அடைக்கலம் தராத துறை என்று மாலுமிகள் வசைபாடிச் சூட்டிய பெயர் போலும்.

அந்தக் கரையைப் பற்றிச் சற்றே சொல்லவேண்டும். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர வைத்திருப்பதால் அங்கு மழை பெய்வதே ஒரு செய்தி. வீதியின் இருமருங்கும் மணலும் வெறும் பாறையும்தான். திடீரென ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரும். கரும்புத் தோட்டம் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாய் விரியும். பத்து நிமிட ஓட்டத்தில் மீண்டும் மணல். கடலோரத்தில் ஒரு மேட்டுமுனை தென்மேற்காக நீட்டிக்கொண்டிருக்கிறது. தென்துருவப் பக்கத்துப் புயல்கள் கிளப்பிவிடும் அலைத்திரள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணஞ்செய்து இம்முனையை வந்தடைகையில், அதன் உட்பக்கம் ஆழங்குறைந்த அடித்தளத்தில் உராய்ந்து வேகமிழக்கிறது, வெளிப்பக்கமோ முன்னேறுகிறது. ஆகவே அலை முனையைச் சுற்றி வளைந்து, கரைக்கு ஏறத்தாழ இணையாக, ஒரு துணியைக் கிழிப்பது போல ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒழுங்காக உடைந்துகொண்டே செல்கிறது. நமது அறுகம்பையின் அலையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அங்கு சறுக்குபவர் வலப்புறமாகச் செல்வர், இங்கு இடப்புறம். நீளத்தில் மட்டும் ஒப்பீடே இல்லை. கடல் பெருத்த நாட்களில் சிக்காமாவில் ஒரே அலையில் 2 கிலோமீற்றருக்கும் அதிகமாகச் செல்லலாம் என்பர். உலகின் மிக நீண்ட இடப்புற அலைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

நாங்கள் சென்ற காலையில் கடலில் ஒன்பது பேர் மாத்திரமே இருந்தனர். அந்த ஒன்பது பேரும் இரண்டு கிலோமீற்றரில் சிதறிக் கிடந்ததால் ஆளரவமே இல்லை. நான் மேட்டில் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தேன். பெறாமகன் முனையில் அலையேறி, சிறுத்து, புள்ளியாகி, இறங்குதுறைப் பக்கம் மறைவான். பின்னர் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தமுடியாமல், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் நடந்து என்னைக் கடந்து மீண்டும் முனைக்குப் போவான். இப்படி எட்டுத் தடவை. ஒன்பதாவது தடவை கால்கள் நடுங்க என்னருகில் வந்து விழுந்தவன் சொன்னான்:

"பெரியப்பா, உந்த அலையை அறுபதுகளிலைதான் கண்டுபிடிச்சவை. ஒரு ஹவாய்க்காரர் பிளேனிலை போகேக்கை ஜன்னலாலை பாத்தவராம்."

அவன் சொன்னது பிழையில்லை. 1965 இல் பெருவில் உலக அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. பெரு நாட்டவரான பெலிப்பே பொமார் வெற்றியீட்டினார். அக்காலத்தில் ஹவாய்த் தீவைச் சேர்ந்த சக் ஷிப்மன் என்பவர் விமானத்திலிருந்து இவ்வலையின் நீண்ட வெண்கோடுகளைக் கண்டு, பெரு நண்பர்களுக்கு அறிவித்தார். அவர்கள் பாலைவனத்தினூடாகத் தேடிவந்து அதனை அடைந்தனர். அலைச்சறுக்கு நூல்கள் யாவும் இதனைக் 'கண்டுபிடிப்பு' என்றே எழுதுகின்றன. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தது போன்ற கண்டுபிடிப்பு என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பகலுணவுக்குப் பின் நான் சொன்ன கதையையே இங்கு எழுதுகிறேன்.

மலாப்ரிகோவுக்குத் தெற்கே, சிக்காமாப் பள்ளத்தாக்கு கடலைச் சேரும் பகுதியில், உவாக்கா பிரியெத்தா என்ற மண்மேடு உள்ளது. 1946 இல் ஜூனியஸ் பேர்ட் என்ற அமெரிக்க அகழ்வாய்வாளர் அதனைத் தோண்டத் தொடங்கினார். மட்பாண்டம் செய்யவும் அறியாத ஒரு காலத்து மக்களின் மீன்வலைகளும், சுரைக்குடுவை மிதவைகளும், பருத்தித் துணிகளும் அங்கிருந்து வெளிவந்தன. ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் பழமையான, அவுரிச்சாயம் தோய்ந்த துணித்துண்டுகள் அவற்றில் உண்டென 2016 இல் வெளியான ஆய்வு கூறியது. அதாவது, இக்கடலோரத்தார் அந்த அலைக்கு அப்பால் சென்று திரும்பக் கற்று யுகங்களாகிவிட்டன.

அவர்களின் வழிவந்த மோச்சே மக்கள், கிறிஸ்துவுக்குப் பின் முதல் எட்டு நூற்றாண்டுகளில், நாணற்கட்டுப் படகில் மனிதர் அமர்ந்திருக்கும் உருவங்களை மட்பாண்டங்களில் வடித்தனர். பின்வந்த சிமு அரசின் தலைநகரான சான் சானின் மண்சுவர்களில் மீன்களும் கடற்பறவைகளும் வலைப் பின்னல்களும் இன்றும் புடைத்து நிற்கின்றன. தொத்தோரா என்ற நாணலைக் கட்டிச் செய்யப்படும் அப்படகு ஏறக்குறைய 4 மீற்றர் நீளமானது. முன்புறம் யானைத் தந்தம் போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்புறத்திலுள்ள குழியில் வலையையும் மீனையும் வைப்பர். பிளந்த மூங்கிலே துடுப்பு. படகின் உள்ளே இருப்பதில்லை, மேலேதான் இருப்பது. அதனால் ஸ்பானியர் அதனைக் 'குட்டிக் குதிரை' என்றழைத்தனர். இயேசு சபைத் துறவியான ஹோசே டி அக்கோஸ்தா 1590 இல் வெளியிட்ட நூலில், கய்யாவோக் கடலில் இந்நாணற் கட்டுகளில் ஏறி மீன்பிடிக்கச் சென்றோரை வியந்து குறிப்பிட்டுள்ளார். நூறாண்டுகள் கழித்து, 1697 இல், வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைத் தமது பயண நூலில் பதிந்தார். (அச்சொல் ஆங்கிலத்தில் இன்று இரட்டை உடல் கொண்ட ஓர் உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது, நமது கட்டுமரத்துக்கும் அதற்கும் யாதொரு உறவுமில்லை. பெயரை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவதும் ஒருவகைக் கண்டுபிடிப்புத்தான்.)

இங்கு ஓர் எச்சரிக்கை. உலகில் முதலில் அலைச்சறுக்கியவர்கள் பெரு மக்களே என்று பெலிப்பே பொமார் நீண்டகாலமாக வாதிட்டு வந்துள்ளார். நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன். மீன்சுமையோடு கரை திரும்புகையில் அலையின் முதுகில் ஏறி வருவது தொழில். பருத்தித்துறைக் கரையில் கட்டுமரக்காரர் அலை பார்த்துக் காத்திருந்து ஒரே எத்தில் மணலுக்கு வந்து சேர்வதைச் சிறுவயதில் கண்டவன் நான். அதனை எவரும் விளையாட்டு என்று சொன்னதில்லை. அலையில் செல்வதையே ஒரு கலையாக, அரசரும் குடிகளும் ஆடும் ஆட்டமாக வளர்த்த பெருமை பொலினீசியருக்கு உரியது. அதனைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அலையை அறிந்திருத்தல் என்பது வேறு. சிக்காமாக் கரையின் அலைகளை 1965 வரை எவரும் அறியாதிருந்தனர் என்பது வெறும் பேச்சு.

அந்த அலை வெளியுலகின் கண்ணில் படாதிருந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அது ஒரு தோட்டக் கம்பனியின் வாசலில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிக்காமாப் பள்ளத்தாக்கைக் கரும்பு விழுங்கியது. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஓர் இலட்சம் சீனக் கூலிகள் ஒப்பந்தத்தில் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். கரும்புத் தோட்டங்களும் பறவையெச்சம் அள்ளும் தீவுகளும் அவர்களைத் தின்றன. நமது மலையகத்தின் கதையை அறிந்த வாசகருக்கு மேலும் விளக்கத் தேவையில்லை. சிறு தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சேர்த்து, கில்டெமைஸ்டர் என்ற ஜேர்மன் வழிக் குடும்பத்தின் காசா கிராண்டே தோட்டம் பேரரசாக வளர்ந்தது. 1915 இல் மலாப்ரிகோத் துறை வழியாக நேரடியாகப் பண்டங்களை இறக்குமதி செய்யும் உரிமையை அரசாங்கம் அத்தோட்டத்துக்கு வழங்கியது. ட்ருஹியோ நகர வணிகர்கள் நொடிந்துபோயினர். அந்தக் கசப்பும் கரும்புத் தொழிலாளரின் துயரமும் சேர்ந்தே 1932 இன் ட்ருஹியோக் கிளர்ச்சிக்கு விறகாயின. கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, பிடிபட்டவர்கள் சான் சானின் மண்சுவர்களருகே வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஹவாயிலிருந்து சறுக்குப் பலகையை லீமாவுக்குக் கொண்டுவந்து, 1942 இல் மிராபுளோரஸ் கடற்கரையில் வைகிகி கழகத்தை நிறுவிய கார்லோஸ் டொக்னி, கரும்புச் செல்வம் படைத்த தாயின் மகன். சர்க்கரைப் பணம் அவரை அலை தேடி ஹவாய்வரை அனுப்பியது. சர்க்கரை ஏற்றும் துறையின் வாசலில் ஓடிக்கொண்டிருந்த அலையை அந்தச் சீமான்கள் இருபதாண்டுகளுக்குப் பின் ஒரு வெளிநாட்டவர் சொல்லித்தான் அறிந்தனர். 1969 இல் வெலாஸ்கோவின் இராணுவ அரசு நிலச்சீர்திருத்தம் செய்து தோட்டங்களைக் கையகப்படுத்தியது. சர்க்கரையின் இடத்தை மலாப்ரிகோவில் நெத்தலி பிடித்துக்கொண்டது. இன்று அவ்வூரின் காற்றில் வீசுவது மீன்மா ஆலைகளின் நாற்றம். என் செய்தி ஆசிரியர் வெட்டியெறிந்த இரண்டு பத்திகளின் நாற்றம் அதுவென்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். லீமாவின் தென்புறத்தே லா எர்ரதூரா என்ற புகழ்பெற்ற அலை இருந்தது. 1980களில் வீதியமைக்க மலையை வெடிவைத்துத் தகர்த்தபோது பாறைகள் கடலில் சரிந்தன; மணல் போயிற்று, அலை கெட்டது. அந்த வேதனையில் பிறந்தது 2000 ஆம் ஆண்டின் 27280 ஆம் இலக்கச் சட்டம். அலை உடையும் இடங்களைக் கட்டுமானங்களிலிருந்து காக்கும் இச்சட்டத்துக்கான விதிகள் 2013 வரை எழுதப்படவில்லை. (சட்டம் இயற்றிவிட்டு விதிகளை மறந்துவிடும் கலை நமக்கும் அந்நியமானதன்று.) 2016 இல், கடற்படை பேணும் பதிவேட்டில் முதலாவதாகச் சிக்காமா இடம்பெற்றது. அதன்பின் 30க்கும் மேற்பட்ட அலைகள் பதிவாகியுள்ளன. ஓர் அலைக்கு அரச பதிவேட்டில் பெயர் இருப்பது, கரையோரமெங்கும் விடுதிகளும் தூண்களும் முளைக்கும் நாட்டிலிருந்து சென்ற எனக்குப் பொறாமை தந்தது.

ஆனால் அச்சட்டத்தின் தலைப்பை வாசித்தபோது ஒரு சொல் இடறியது. விளையாட்டுக்கு உகந்த அலைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்பதே அதன் பெயர். நாணற் படகுக்காரரைப் பாதுகாக்க எழுந்த சட்டமன்று அது. 2003 இல் அவர்களின் படகு தேசிய பண்பாட்டு மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது உண்மை. மரபுரிமைப் பத்திரத்தால் நாணல் வளராது.

மறுநாள் ட்ருஹியோவுக்கு அருகேயுள்ள வான்சாக்கோவுக்குச் சென்றோம். இன்றும் இப்படகுகள் கடலிறங்கும் ஊர் அது. தெற்கேயுள்ள சலவெர்ரித் துறைமுகத்தில் மணலைத் தடுக்க நீட்டப்பட்ட கல்லணை, வடக்கு நோக்கி ஓடும் மணலையும் தடுத்துவிட்டதால், அப்பகுதிக் கடற்கரைகள் பல ஆண்டுகளாக அரிக்கப்பட்டு வருகின்றன. நாணல் வளர்க்கக் கடலோரத்தில் தோண்டப்பட்ட பழைய குட்டைகளிலும் கடல் ஏறுகிறது. கரையில் படகுகள் காய்வதற்காகச் சுவரில் நிமிர்த்திச் சாத்தப்பட்டிருந்தன. ஒரு முதியவர் புதுப்படகொன்றுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். பெறாமகன் தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில், இது எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டான். ஒரு மாதம், என்றார். அதன்பின் நீர் ஊறிக் கனத்துவிடும், புதிது கட்டவேண்டும்.

"நாணல் இல்லாமல் போனால்?" என்று நான் கேட்கச் சொன்னேன்.

அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. குட்டைகள் இருந்த திசையைக் கையால் காட்டி, தன் தகப்பன் காலத்தில் கடல் எதுவரை நின்றது, இப்போது எதுவரை வந்திருக்கிறது என்று இரண்டு இடங்களைச் சுட்டினார். பின்னர் படகைத் தலையசைத்துக் காட்டி, ஏறிப் பார்க்கிறாயா என்று பெறாமகனைக் கேட்டார். உலகின் மிக நீண்ட அலைகளுள் ஒன்றில் முதல்நாள் எட்டுத் தடவை சென்றவன், அந்த நாணற் கட்டில் ஏறி முதல் வெண்நுரையைக் கடக்குமுன் மூன்று தடவை குடைசாய்ந்து உப்புநீர் குடித்தான். கிழவர் சிரித்தபடி இடுப்பளவு நீரில் இறங்கி, மூங்கிற் துடுப்பை எப்படிப் பிடிப்பதென்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.