திருவேற்காடு வழியாகப் போன குழந்தைகள்

போன வாரம் பேத்தி ஒரு சஸ்பென்ஸ் நாவலை வைத்துவிட்டுப் போனாள். காணாமல் போன குழந்தையைத் தேடும் ஒரு தாயின் கதை. என் மனைவி இரண்டே ராத்திரியில் படித்து முடித்து, "கடைசியில குழந்தை கெடச்சிடுதுங்க" என்று சொல்லி, எனக்கிருந்த ஆவலையும் தீர்த்துவைத்தாள்.

எனக்கோ நம் மாவட்டத்தில் நடந்த ஒரு நிஜக் கதை நினைவுக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த காலத்தில் தினமும் புறநகர் ரயிலில்தான் போவேன், வருவேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சுவர்களில் சினிமா போஸ்டர்களுக்கு நடுவே 'காணவில்லை' என்ற தலைப்போடு ஒரு குழந்தையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருக்கும். இரண்டு மழை பெய்தால் முகம் கரைந்துவிடும். யாரும் நின்று பார்த்ததில்லை, நானும் சேர்த்துத்தான்.

1999 பிப்ரவரியில் வடசென்னையில் ஒரு ஏழைக் குடும்பத்தின் ஆண் குழந்தை, குடியிருப்பின் அடிகுழாய் அருகே விளையாடிக்கொண்டிருந்தவன், காணாமல் போனான். பாட்டி பார்த்துக்கொள்கிறாள் என்று தாய் நினைத்தாள். சில நிமிடம்தான். தந்தை அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர். தனக்கு வந்த இரண்டு குடிசைகளை விற்று, அந்தப் பணத்தில் மகனைத் தேடினார். ஊர் ஊராகத் தேடப்பட்ட அந்தக் குழந்தை, வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், திருவேற்காட்டில் இருந்த ஒரு தத்து நிறுவனத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தான் என்பது பிறகு வந்த விசாரணையின் முடிவு. கருமாரியம்மன் கோயிலுக்கு நாமெல்லாம் ஆடி மாதம் போவோமே, அதே ஊர். 1997 ஜூலை 1-இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது நம் மாவட்டத்தோடு சேர்ந்த ஊர்.

நிறுவனத்தின் பெயர் மலேசியன் சோஷியல் சர்வீசஸ். 1991 முதல் 2003 வரை குறைந்தது 165 குழந்தைகளை வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பியது என்று நீதிமன்ற ஆவணங்கள் சொல்கின்றன. பெரும்பாலும் அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா. அத்தனை குழந்தைகளும் திருடப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பிள்ளை பிடிப்பவர்களிடம் ஒரு குழந்தைக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் கொடுத்து வாங்கியதாகக் குற்றச்சாட்டு.

இது எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். வெளிநாட்டுத் தத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1984-இலேயே லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான நிபந்தனைகள் விதித்தது. அதன் தொடர்ச்சியாக 1990-இல் மத்திய அரசு 'காரா' என்னும் தத்து அமைப்பை ஏற்படுத்தியது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தம்பதியை 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் காப்பாளராக நியமித்தது. அதன் பிறகே குழந்தை விமானம் ஏறியது. கேட்க எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் காகிதம், 'என் குழந்தையை மனமுவந்து ஒப்படைக்கிறேன்' என்று பெற்ற தாய் எழுதிக் கொடுப்பது. அது பொய்யாக இருந்துவிட்டால் அதன் மேல் விழும் முத்திரை ஒவ்வொன்றும் அந்தப் பொய்யை நிஜமாக்கிக்கொண்டே போகும். நான் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவன், எனக்கு இது நன்றாகவே புரிகிறது. அந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் புதுப் பெயரும் புதுத் தாயும் காகிதத்தில் உண்டாயின.

2005-இல் ஒரு மதுக்கடையில் இரண்டு பேர் குழந்தை கடத்தலைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட, காதில் விழுந்த யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். துப்பு துலங்கியது அப்படித்தான். நாவலாசிரியர் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்! காவல்துறை காட்டிய படங்களில் தன் மகனின் படத்தை அந்தத் தந்தை பார்த்தவுடன் எடுத்துக் காட்டினார். ஆறேழு வருடம் கழித்து. விசாரணை பின்னர் சி.பி.ஐ.க்குப் போனது.

நாவல் இந்த இடத்தில் முடிந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. பையன் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு குடும்பத்தில், ஆங்கிலம் பேசி வளர்ந்துகொண்டிருந்தான். ஸ்காட் கார்னி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்த வீட்டு வாசலுக்கே போய் நின்றார். 2009-இல் 'மதர் ஜோன்ஸ்' இதழில் அதை எழுதினார். அந்தத் தம்பதியும் ஏமாற்றப்பட்டவர்களே. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பையனை விட்டுக்கொடுக்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. 1998-இல் இதே வடசென்னையில் பறிபோன ஒரு பெண் குழந்தை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வளர்வதாகச் செய்தி வந்தது. இன்னொரு பையனின் பெற்றோர் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். வழக்குப் போடுவதற்குள் பிள்ளைக்குத் தாய்மொழி மறந்துவிடுகிறது, நீதிபதி என்ன தீர்ப்புச் சொல்வார்?

சட்டம் பிறகு கொஞ்சம் மாறியது. வெளிநாட்டுத் தத்து பற்றிய 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல்தான் ஏற்று உறுதி செய்தது. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் கட்டாயம் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தல் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013 மே 10-இல். நொய்டாவின் நிதாரி கிராமத்தில் 2006 கடைசியில் குழந்தைகளின் எலும்புகள் சாக்கடையில் கிடைத்த பிறகும் ஆறு வருடத்துக்கு மேல் ஆயிற்று அதற்கு. இப்போது 1098-க்கு யாரும் இலவசமாகப் பேசலாம். நம் வாசகர்கள் பேரன் பேத்திகளோடு இருப்பவர்கள். எண்ணை ஃபோனில் போட்டு வையுங்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பையனுக்கு இப்ப என்ன வயசுங்க இருக்கும்?" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டை ஒட்டி இருக்கும். கல்யாண வயசு என்றாள்.