லிஸ்ட்ல யார் பேரு? மதேரா ஒயினும் ராயபுரம் படகோட்டிகளும்

எம்.கே.பி. நகர்ல இருந்து பேசுறேன். பின்னாடி அப்பப்ப ஒரு உறுமல் கேட்டா அது லாரி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரெக்கார்ட் பண்ணாலும் வடசென்னையில லாரி ஓடிட்டுத்தான் இருக்கும்.

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு பரபரப்பு. என் டீம்ல ரெண்டு பேருக்கு ஒயின் பைத்தியம். நாசிக் பக்கம் ஒரு சின்ன ஒயினரி. வருஷத்துக்குக் கொஞ்சம் பாட்டில் மட்டும் தனியா எடுத்து வச்சு, கடைக்கு அனுப்பாம, தங்களோட லிஸ்ட்ல இருக்குறவங்களுக்கு மட்டும் கொடுப்பாங்களாம். ஒருத்தருக்கு மூணு பாட்டில் கிடைச்சிருச்சு. மும்பையில இருக்குற அக்கா வீட்டுல போய் வாங்கிக்கணும். இன்னொருத்தருக்குக் கிடைக்கல. அன்னைக்கு லஞ்ச் முழுக்க அதே பேச்சு. எந்தத் தோட்டம், எந்த மரத்துல செஞ்ச பீப்பாய், எத்தனை மாசம் ஊறுச்சு. நான் தயிர் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டேன்: "அந்த லிஸ்ட்ல பேரு எப்படிப்பா சேர்க்குறது?" "தெரிஞ்சவங்க சொன்னாதான்"னு பதில் வந்துச்சு.

இது ஏதோ புதுசா வந்த பழக்கம்னு நினைச்சேன். தேடிப் படிச்சப்போதான் புரிஞ்சது, இதே மாதிரி ஒரு லிஸ்ட் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கடற்கரைக்கு வந்திருக்கு. என் வீட்ல இருந்து ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போற தூரத்துல.

வெயில்ல வெந்த ஒயின்

அட்லாண்டிக் பெருங்கடல்ல, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, மதேரான்னு ஒரு போர்ச்சுகீசியத் தீவு இருக்கு. எரிமலைத் தீவு. மலைச்சரிவுல படிப்படியா வெட்டி அங்க திராட்சை வளர்ப்பாங்க. இங்கிலாந்துல இருந்து இந்தியாவுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பல அந்தத் தீவுல நின்னு, தண்ணியும் உணவும் ஒயினும் ஏத்திக்கிட்டுதான் தெற்கே கிளம்பும்.

சாதாரண ஒயினுக்கு இந்தப் பயணம் ஆகாது. பூமத்திய ரேகையைத் தாண்டும்போது கப்பலோட அடிவயிறு அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒயின் புளிச்சு வினிகர் ஆகிடும். மதேரா ஒயினுக்கு மட்டும் நடந்தது வேற. 18ஆம் நூற்றாண்டுல அதுல கொஞ்சம் பிராந்தி கலந்து அனுப்புற பழக்கம் பரவுச்சு. அந்த பிராந்தி அதைக் கெடாம காப்பாத்துச்சு. மாசக்கணக்கா சூட்டுல கிடந்து, அலையில ஆடி, காத்துப் பட்டுப் பட்டு, அது ஒரு மாதிரி கருகின சர்க்கரை வாசனையோட இன்னும் நல்லா ஆகிடுச்சு. இந்தியா போய் விக்காமத் திரும்பி வந்த பீப்பாய்களைக் குடிச்சுப் பார்த்தவங்க அசந்துட்டாங்க. அப்புறம் வேணும்னே பீப்பாயைக் கப்பல்ல ஏத்தி, வெயில் கடல்களைச் சுத்திக்கிட்டு வர அனுப்புனாங்க. போயிட்டு வந்த ஒயினுக்கு 'வின்யோ த ரோதா'ன்னு பேரு. சுத்திட்டு வந்த ஒயின்னு அர்த்தம்.

அந்தப் பயணத்துக்கு மாற்றா, 1790கள்ல தீவிலேயே சூடான அறைகள் கட்டி ஒயினை வேக வைக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அதுதான் முறை. சாதாரண மதேராவை 45-ல இருந்து 50 டிகிரி செல்சியஸ் சூட்டுல குறைஞ்சது மூணு மாசம் வைப்பாங்க. நல்ல ரகத்தைப் பரண்ல வெயில் படுற மாதிரி வருஷக்கணக்கா விட்டுடுவாங்க. நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்தை மெஷின்ல செய்யுற மாதிரி.

கடிதம் போட்டாதான் பீப்பாய்

இப்போ லிஸ்ட்டுக்கு வருவோம். மதேராவுல ஒயின் வியாபாரம் பண்ணினவங்கள்ல நிறைய பேர் பிரிட்டிஷ்காரங்க. 1745ல பிரான்சிஸ் நியூட்டன்கிற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்குன நிறுவனம்தான் பின்னாடி கொசார்ட் கோர்டன் ஆச்சு. இவங்களுக்குப் பெரிய ஆயுதமே கடிதம்தான். அமெரிக்கா, கரீபியத் தீவுகள், இந்தியான்னு எல்லா இடத்துக்கும் எழுதுவாங்க. உங்க நண்பர் எங்ககிட்ட வாங்குனார், உங்களுக்கும் ஒரு பீப்பாய் அனுப்பவாங்கிற தோரணைதான். வாங்குறவர் ருசி, வசதி, யார் சிபாரிசு, எல்லாம் கணக்குல இருக்கும். ஜார்ஜ் வாஷிங்டனே இப்படிக் கடிதம் எழுதி மதேரா வரவழைச்சவர்.

சந்தையைப் பொறுத்து ரகத்துக்கும் பேரு உண்டு. லண்டனுக்குப் போற உசத்தி ரகம் 'லண்டன் பர்ட்டிகுலர்'. இந்தியாவுக்குன்னு 'இந்தியா மார்க்கெட்'. அளவு 'பைப்' கணக்கு. ஒரு பைப்ல 400 லிட்டருக்கு மேல பிடிக்கும். மரத்தோட சேர்த்து எடை கிட்டத்தட்ட அரை டன். கம்பெனிக் கப்பல் கேப்டன்களுக்குத் தங்க சொந்தச் சரக்கைக் கொஞ்சம் ஏத்திக்க அனுமதி இருந்துச்சு. அந்த இடத்துலயும் ஒயின் வரும். மதராஸ் கோட்டையில, தோட்ட வீடுகள்ல விருந்து நடந்தா மேசையில மதேரா இருக்கும்.

இதுவரைக்கும் ஒயின் புத்தகங்கள்ல இருக்குற கதை. இனிமே வரப்போறது அந்தப் பீப்பாயோட கடைசி ஒரு மைல்.

அலையைத் தாண்டுனது யாரு?

அப்போ மதராஸ்ல துறைமுகம் கிடையாது. இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு பெரிய வியாபார ஊரு, ஆனா கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். நடுவுல வங்காள விரிகுடாவோட அலை, வரிசை வரிசையா. ஐரோப்பியப் படகு அந்த அலையில வந்தா உடைஞ்சுடும்.

அதைத் தாண்டுனது மசூலா படகு. ஆணியே இல்லாத படகு. பலகைகளைத் தென்னங்கயிறால தைச்சிருப்பாங்க. அலை அடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கும். தையல் வழியா தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கும், ஒருத்தர் இறைச்சுக்கிட்டே இருக்கணும். மத்தவங்க துடுப்பு வலிக்க, பின்னாடி ஒருத்தர் நின்னு அலையைப் பார்த்து, எந்த அலையை விடணும், எதுமேல ஏறணும்னு குரல் கொடுப்பார். அந்த அரை டன் பீப்பாயை ஆடுற கப்பல்ல இருந்து ஆடுற படகுல இறக்கி, அலை மேல ஏத்தி, மணல்ல உருட்டிக் கொடுக்கணும். சரக்கு நனைஞ்சாலும் காணாம போனாலும் பழி முதல்ல படகோட்டி மேலதான்.

இவங்கதான் ராயபுரத்து ஆட்கள். ராயப்பர்னா புனித பேதுரு, அவரும் மீனவர். அந்தப் பேர்ல இருந்துதான் ராயபுரம்னு வந்துச்சுன்னு சொல்வாங்க. 19ஆம் நூற்றாண்டோட முற்பகுதியில படகோட்டிச் சமூகம் தாங்களே எழுப்புன ராயப்பர் கோயில் இன்னைக்கும் அங்க நிக்குது. அந்தக் காலத்துக் கத்தோலிக்க முறைப்படி, பூசையில மக்களுக்கு அப்பம் மட்டும்தான். கிண்ணத்துல இருக்குற திராட்சை ரசத்தைக் குருவானவர்தான் குடிப்பார். ஆக, ஊருக்கே ஒயின் இறக்குனவங்க, தாங்க கட்டுன கோயில்லயும் அதைத் தொடல.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல மதேரா விருந்துன்னே ஒண்ணு நடக்கும். ஆண்கள் மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலா திறந்து, மணிக்கணக்கா பேசுவாங்க. எங்க ஆபீஸ் லஞ்ச் மாதிரியேதான். அங்க ஒரு வழக்கம்: ஒயினுக்கு அது வந்த கப்பலோட பேரை வைப்பாங்க. இல்லைனா வாங்குன குடும்பத்தோட பேரை. இது இந்தியா சுத்தி வந்ததுன்னா மதிப்பு தனி. கப்பலுக்குப் பேரு இருந்துச்சு, முதலாளிக்குப் பேரு இருந்துச்சு. அலையைப் பார்த்துக் குரல் கொடுத்தவர் பேரு எந்த பாட்டில்லயும் ஏறல.

முடிஞ்சது எப்படி?

1850களோட தொடக்கத்துல மதேராத் திராட்சையில சாம்பல் நோய் பரவுச்சு. 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும், இந்தியா வர்ற கப்பல்களுக்கு அட்லாண்டிக்கைச் சுத்துற வேலையே இல்லாம போச்சு. 1872ல வேரைத் தின்னுற பிலாக்செரா பூச்சி வந்துச்சு. மூணு அடி அடுத்தடுத்து.

இங்க படகோட்டிகளுக்கும் அதே காலத்துலதான் அடி விழுந்துச்சு. 1861ல கடலுக்குள்ள இரும்புப் பாலம் நீட்டுனாங்க. 1875ல துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டுனாங்க. 1881 புயல் அலைதடுப்புச் சுவரை நாசம் பண்ணுச்சு, ஆனாலும் வேலை நிக்கல. கப்பல் சுவருக்குள்ள வந்து நிக்க ஆரம்பிச்சதும், அலையைப் படிக்கத் தெரிஞ்ச கைக்கு வேலை குறைஞ்சது. மதேரா ஒயின் இன்னைக்கும் கிடைக்குது. தைச்ச படகை மெட்ராஸ் கடற்கரையில பார்க்க முடியாது.

ஆயாவோட பாட்டில்

இதைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போது எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துச்சு. பெரம்பூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் வீட்ல வேலை பார்த்தது. ரயில்வே குடும்பம். நவம்பர் வந்தா கொத்தவால் சாவடியில இருந்து பன்னீர் திராட்சை கூடை கூடையா வரும். காம்பு கிள்ளுறது, கழுவித் துடைக்கிறது எல்லாம் ஆயாதான். பீங்கான் ஜாடியில திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு, ஈஸ்ட். தினம் மரக்கரண்டியால கிண்டி விடணும். அப்புறம் துணியில வடிகட்டி, நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊத்துவாங்க. வீட்ல ஒயின் போடுறதைச் சட்டம் ஒத்துக்காது, அது தனி எபிசோடுக்கான விஷயம்.

மிஸ்ஸியம்மா ஒரு பழைய ஸ்கூல் நோட்டுல பேர் எழுதி வச்சிருப்பாங்களாம். யாருக்கு எத்தனை பாட்டில்னு. சொந்தக்காரங்க, தாத்தாவோட ரயில்வே நண்பர்கள், எதிர் வீடு. கடைசியில ஆயா பேரு, ஒரு பாட்டில். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுதான் உன் பேரு"ன்னு காட்டுனாங்களாம். குடிச்சதைப் பத்தி ஆயா பெருசா சொன்னதில்ல, இருமல் மருந்து மாதிரி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லும். நோட்டுல பேரு இருந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்.

அதனால ஒயின் பேசுறவங்களைக் கிண்டல் பண்ண இந்த எபிசோட் இல்ல. அவங்க ஒரு பாட்டிலைப் பத்தி அவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்குறது எனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கு. மூணு பாட்டில் கிடைச்ச நண்பர் அடுத்த மாசம் மும்பை போறார். அவர்கிட்ட ஒரு வேலை சொல்லியிருக்கேன்: முடிஞ்சா அந்த ஒயினரிக்குப் போன் போட்டு, இந்த வருஷம் திராட்சை பறிச்சவங்க எந்த ஊர் ஆட்கள், கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்கன்னு. சிரிச்சார். ஆனா கேக்குறேன்னு சொல்லியிருக்கார்.

பதில் வந்தா சொல்றேன். உங்க வீட்ல யாராவது ஹார்பர்லயோ, படகுலயோ, பெரம்பூர் ரயில்வேலயோ வேலை பார்த்திருந்தா அவங்க கதையை எழுதி அனுப்புங்க. பேரோட அனுப்புங்க.