சீதபேதி என்று நினைத்த நோய்

ஆலங்குடிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை என்றால் பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, கலெக்டர் ஆபீஸ். அந்த ஊரில் 1886-ல் பிறந்த ஒரு பெண்ணின் வீட்டுத் துக்கத்திலிருந்துதான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது என்பது பலருக்குத் தெரியாது.

அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். தேவதாசி ஒழிப்பு, சட்டமன்றம், அவ்வை இல்லம் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே வந்துவிடும். தங்கையின் கதைதான் வராது. 1923-ல் அந்தத் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். முதலில் அதைச் சீதபேதி என்று தவறாகக் கணித்திருந்தார்கள். இத்தனைக்கும் அக்காவே டாக்டர்! மலத்தில் ரத்தமும் சளியும் போனால் சீதபேதி என்று நினைக்கிற காலம் அது. (இன்றைக்கும் ரத்தம் போனால் மூலம் என்று தாங்களே முடிவுகட்டி லேகியம் வாங்குகிறவர்கள் உண்டு.)

புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-ல் பொதுமேடையில் கேட்டார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது.

சரி, அந்த நோய் உள்ளே எப்படி வளர்கிறது? இதற்கு விடை கிடைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

நம் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற உறை இருக்கிறது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேயும். காமர்ஸ் மாணவர்களுக்குச் சொல்வதென்றால், இயந்திரத்துக்கு வருடாவருடம் எழுதும் தேய்மானம் மாதிரி. ஓரளவுக்கு மேல் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். தேய்ந்த நுனியைத் திரும்ப நீட்டும் டெலோமரேஸ் என்ற என்சைமை 1984 கிறிஸ்துமஸ் அன்று கரோல் கிரைடர் முதன்முதலாகக் கண்டார். எலிசபெத் பிளாக்பர்னின் மாணவி அவர். கண்டது மனித செல்லில் அல்ல, குளத்துத் தண்ணீரில் வாழும் ஒற்றை செல் உயிரியில்! 2009-ல் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு.

குடலில் நடப்பது இதுதான். முதலில் பாலிப் என்ற சிறு சதை முளைக்கிறது. அதில் செல்கள் வேகமாகப் பிரிவதால் நுனிகள் சீக்கிரம் தேய்கின்றன. தேய்ந்த குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உடைந்து, மரபணுக்கள் குழம்புகின்றன. அநேக செல்கள் அதில் செத்துப்போகும். தப்பிய ஏதோ ஒன்று டெலோமரேஸை முடுக்கிவிட்டால் அதற்கு அப்புறம் தேய்மானமே கிடையாது. 1995-ல் குடல் திசுக்களைச் சோதித்தபோது புற்றுக் கட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டெலோமரேஸ் இருந்தது, பாலிப்களில் இல்லை. பின்னால் வந்த சோதனைகளில் சில பாலிப்களிலும் தென்பட்டது. எப்படியும் அது தொடக்கத்தில் வருவதில்லை, பாதி வழிக்கு மேல்தான் வருகிறது.

பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். எல்லாப் பாலிப்பும் மாறுவதுமில்லை. அந்தப் பத்து வருடத்தைப் பயன்படுத்திக்கொள்ள 1923-ல் வழி குறைவு. கொலோனோஸ்கோப் வழியாகக் கம்பி வளையத்தால் பாலிப்பை அறுத்தெடுப்பது 1969-ல்தான் தொடங்கியது.

டெலோமரேஸைத் தடுக்கும் மருந்து ஒன்றுக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது ஒரு வகை ரத்த நோய்க்கு. குடல் புற்றுக்கு அல்ல.